எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம்

புரட்டாசி 4

உரக்கடைக்காரன் போன வருசம் இனாமாகக் கொடுத்த டைரி. தேதி எல்லாம் இங்கிலீசில் இருக்கிறது. அதை விட்டுவிட்டு நான் தமிழ்த் தேதி போட்டு எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு என்னை நிறுத்தி ஆடு மேய்க்க அனுப்பினாள் என் சின்னம்மை. அவள் செத்து எலும்பும் மக்கிவிட்டது, எனக்கு அந்தக் கோபம் மக்கவில்லை. பிள்ளை பெற்ற பிறகு அறிவொளி வகுப்பில் உட்கார்ந்து மறுபடி எழுத்துக் கூட்டினேன்.

இப்போது எழுத வந்ததற்குக் காரணம் என் மருமகள் செண்பகம். நேற்றுத் தெருமுனையில் நின்று சொல்கிறாள், "அத்தைக்கு வயசாயிட்டு. இல்லாததை எல்லாம் இருந்த மாதிரி பேசுதாவ." கல் விஷயத்தைத்தான் சொல்கிறாள். அதனால் கல் விஷயத்தையே முதலில் எழுதுகிறேன்.

மலையடிவாரத்தில் எங்களுக்கு ஒரு பாறைக்காடு. தார்ரோட்டை ஒட்டி இருக்கும். அதற்குக் கிழக்கே குத்தாலத்தின் காடு. இரண்டுக்கும் நடுவில் செங்கல் சூளைக்கு மண் எடுத்த பெரிய பள்ளம். அந்தப் பள்ளம் எங்களது. என் வீட்டுக்காரர் காய்ச்சலில் கிடந்த வருசம் குத்தாலத்தின் அப்பா கடப்பாரையோடு வந்து எல்லைக்கல்லைப் பிடுங்கி, பள்ளத்துக்கு இந்தப் பக்கமாக நட்டார். மகன் கோமதிநாயகத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் பார்த்துக்கொண்டு நின்றேன். "என்ன பாக்க, போய் உன் புருசனுக்குக் கஞ்சி காய்ச்சு" என்றார். ஊர்க்கூட்டத்தில் சொன்னேன். தாலுகா ஆபீசில் சொன்னேன். சாட்சி உண்டா என்று கேட்டார்கள். பள்ளத்தில் என்ன பயிரா வைக்கப் போகிறாய் என்று சிரித்தவர்கள் பேர் எல்லாம் எனக்குத் தெரியும். நாற்பது வருசம் ஆகிறது. அதில் பாதிப் பேர் செத்துவிட்டார்கள்.

பள்ளத்துக்குக் கீழே கிணறு. அது மட்டும் இரண்டு வீட்டுக்கும் பொது. ஒரு நாள் எங்கள் முறை, ஒரு நாள் அவர்கள் முறை.

இன்று மேல்காற்றில் ஒரு நாற்றம் வந்தது. செத்த எலி நாற்றம், அதற்குள் ஒரு மருந்து வாடை.


புரட்டாசி 9

மிளகாய் நாற்று பாவினேன். ரேஷனில் பருப்பு வரவில்லை.

மகன் கோமதி, வீட்டுக்குக் கேன் தண்ணீர் வாங்கிப் போட ஆரம்பித்திருக்கிறான். "எம்மா, கெணத்துத் தண்ணி உப்பு. உன் முட்டுவலிக்கு அதான் காரணம். இனி குடிக்க, சோறு பொங்க எல்லாம் இதுதான்" என்றான். பிறந்ததில் இருந்து குடித்த தண்ணீர் இப்போதுதான் உப்பாக இருக்கிறது. இருந்தாலும் பிள்ளைக்கு என் முட்டியின் மேல் அக்கறை வந்ததே, அதுவே பெரிது. செண்பகத்துக்கு இந்த மாதிரி ஒரு நாளும் தோன்றியதில்லை.


புரட்டாசி 12

கோமதியின் சட்டையைத் துவைத்தேன். ஆஸ்பத்திரி வாடை. யாருக்குச் சுகமில்லை என்று கேட்டேன். கூட்டாளி ஒருவனைப் பார்க்கப் போனானாம். எந்தக் கூட்டாளி என்று அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.


புரட்டாசி 17

கருவாச்சி செத்துவிட்டது. சினையாட்டை இப்படிப் பறிகொடுத்தேன்.

மத்தியானம் தேடிப் போனால் பள்ளத்தின் கரையில் காலை உதைத்துக்கொண்டு கிடக்கிறது. வாயோரம் குளுக்கோஸ் ஏற்றுகிற குழாய் தொங்கியது. இழுத்தேன், இழுக்க இழுக்க வந்தது. பள்ளத்துக்குள் எட்டிப் பார்த்தேன். மேலே லேசாக மண் தூவியிருந்தார்கள், நாய்கள் பறித்துப் போட்டிருந்தன. சிவப்புப் பை, மஞ்சள் பை, ஊசி, ரத்தம் தோய்ந்த பஞ்சு, கையுறை. சதை மாதிரி ஒன்று கிடந்தது, அதை நான் எழுத மாட்டேன். மலைக்கு அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிக் குப்பை. அங்கே கொட்ட விடமாட்டார்கள் என்று இங்கே கொண்டுவந்து கொட்டுகிறார்கள் என ஊரில் பேசிக்கொண்டதுதான்.

பள்ளத்து மண்ணை ஒரு கை அள்ளி முந்தியில் முடிந்துகொண்டு நேராகக் குத்தாலத்தின் வாசலுக்குப் போனேன். அந்த வாசலை நான் மிதித்து நாற்பது வருசம். குத்தாலம் ஈசிச்சேரில் கிடந்தான். அவன் பெண்டாட்டி பிரமு அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"உன் பள்ளத்துல என்னத்தடா கொட்டி வச்சிருக்க?"

அவன் மெதுவாக எழுந்தான். "என்ன சொன்னிய மதினி?"

"காது அடைச்சிட்டோ? உன் பள்ளத்துல."

"அப்பிடிப் போடுங்க. நாப்பது வருசம் என் பள்ளம் என் பள்ளம்னு தாலுகாவைத் தேய்ச்சியளே, இன்னைக்காவது எங்க பள்ளம்னு ஒத்துக்கிட்டிய."

தெருவில் இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்கு உச்சி பற்றிக்கொண்டது. முந்தியை அவிழ்த்தேன். மண்ணை வாரித் தூற்றிச் சாபம் விட்டால் அந்தச் சொல் பலிக்கும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். யாரும் சும்மா தூற்ற மாட்டார்கள். நான் என் வாழ்நாளில் தூற்றியது கிடையாது. கல்லைப் பிடுங்கியபோதுகூடத் தூற்றவில்லை.

"இந்த அழுக்கு எவன் மண்ணுல கெடக்கோ, அந்த மண்ணுக்குச் சொந்தக்காரன் குடி தழைக்காமப் போகட்டும்" என்று சொல்லி அவன் வாசலில் வீசினேன். பிரமுவின் சுளகில் எல்லாம் மண்.

"அக்கா, அக்கா, பேரப்பிள்ளையள் இருக்கு அக்கா" என்று அவள் காலைப் பிடித்தாள். உதறிவிட்டு வந்தேன்.

கருவாச்சியைப் புளியமரத்தடியில் புதைத்தேன்.


புரட்டாசி 18

கோமதிக்கு விஷயம் தெரிந்துவிட்டது. நல்லா கேட்டம்மா என்று சொல்வான் என நினைத்தேன்.

"எதுக்கு அந்தாளு வாசல்ல போயி மண்ணை வாருன? பேசாம இருக்கத் தெரியாதா உனக்கு?" என்றான். தட்டில் போட்ட சோறு அப்படியே இருந்தது.

குத்தாலம் சும்மா இருக்கவில்லை. இது எவன் வேலை என்று கண்டுபிடிக்கச் சொல்லித் தாலுகா ஆபீசில் மனுக் கொடுத்துவிட்டானாம்.


புரட்டாசி 20

பாறைக்காட்டைப் பார்த்துவிட்டு வந்தேன். ரோட்டில் இருந்து பள்ளத்துக்கு லாரி வர வேண்டும் என்றால் எங்கள் காட்டு வழியாகத்தான் வர முடியும். குத்தாலத்தின் காட்டுக்குச் சைக்கிள் போகிற பாதைதான் உண்டு. இது எனக்குத் தெரியாதது இல்லை. அன்றைக்கு நினைப்பு வரவில்லை.

எங்கள் கேட்டில் பூட்டு உடையவில்லை. சாவி இரண்டு. ஒன்று என் இடுப்பில் இருக்கிறது.

கேட்டில் இருந்து பள்ளம் வரைக்கும் டயர்த் தடம் ஆழமாகக் கிடந்தது. விளாறு ஒடித்துத் தடத்தை எல்லாம் பெருக்கிச் சமப்படுத்தினேன். மாடு காலை இடறிக்கொள்ளும். அதற்காகத்தான். முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது, இடுப்பு ஒடிகிறது.


புரட்டாசி 21

எழுத ஒன்றும் இல்லை.


புரட்டாசி 26

இன்றும்.


ஐப்பசி 2

மழை பிடித்து நாலு நாள் ஆகிறது, விட்டு விட்டுப் பெய்கிறது. பள்ளம் நிறைந்து வழிகிறது. கிணற்றில் எண்ணெய் ஊற்றினது போல மேலே ஒரு படலம். நுரையும் இருக்கிறது. தவளைச் சத்தம் இல்லை. மிளகாய் நாற்றுக்கு இந்தத் தண்ணீரைத்தான் பாய்ச்சினேன், நுனி கருகிக்கொண்டு வருகிறது.

மழை விட்டதும் பிரமு வந்தாள். தயங்கித் தயங்கி வாசலுக்கு வெளியிலேயே நின்றாள். இரண்டு கையையும் நீட்டிக் காட்டினாள். விரல் இடுக்கெல்லாம் கொப்புளம், தோல் உரிந்து சிவந்து கிடந்தது.

"பாத்திரம் கழுவ முடியல அக்கா. சோறு பெசைய முடியல. இது நீங்க தூத்துன மண்ணா? இல்ல தண்ணியா? அதை மட்டும் சொல்லிருங்க. அவுக தண்ணிதாம்ங்காவ. எனக்கு அப்பிடித் தோணல."

உள்ளே சமையற்கட்டில் கேன் தண்ணீர் இருந்தது. செண்பகம் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மண்ணுதான்" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். சிவன் கோவிலில் விளக்குப் போட்டால் தீருமா என்று கேட்டாள். போட்டுப் பார் என்றேன். அந்தக் கையோடு குடத்தை இடுக்கிக்கொண்டு எங்கள் கண் முன்னால் கிணற்றுக்குத்தான் போனாள்.


ஐப்பசி 5

இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. பித்தமாக இருக்கும்.

கோமதியிடம் கேட்டுவிட்டேன். கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன். கேன்காரப் பையன் புதுக் கேனை இறக்கிவிட்டுப் போனான். அதைப் பார்த்ததும் வாய் தானாகத் திறந்துவிட்டது.

"ஏல, கெணத்துத் தண்ணி கெட்டது இந்த மழைக்கு. நீ கேன் வாங்க ஆரம்பிச்சது அதுக்கு முன்னால. எப்பிடில தெரிஞ்சுது உனக்கு?"

அவன் செல்லைக் கீழே வைத்தான். மறைக்கவில்லை. அதுவரைக்கும் நல்லது.

"நம்ம நெலத்துல ஒரு துளி போடலம்மா. கேட்டை மட்டும் தொறந்துவிட்டேன். போட்டது பூரா அவன் பள்ளத்துல. அவன் அப்பா காலத்துல இருந்து நம்மள ஏச்சித் தின்ன குடும்பம். நீதானே சொல்லிச் சொல்லி வளத்த?"

"தண்ணிக்குத் தெரியுமால, கல்லு எங்க நட்டிருக்குன்னு?"

"நீ எதுக்கு இப்ப பெரிய நியாயம் பேசுத? ஒலகத்துல எங்க குப்பை இல்ல? பட்டணத்துல போய்ப் பாரு, மலை மாதிரிக் கெடக்கு. நாலு பேரு போடுத எடத்துல நானும் ஒருத்தன்."

செண்பகம் அடுப்படியில் இருந்தே சொன்னாள். "நான் வேண்டாம்னுதான் சொன்னேன் அத்தை. கேக்கல." முதல் தடவையாக அவள் சொன்னது எனக்குப் பொய்யாகப் படவில்லை.

"சினையாடு செத்துச்சுல" என்றேன்.

"வேற ஆடு வாங்கித் தாரேன்."

"பிரமு கை?"

கீழே வைத்த செல்லை எடுத்தான். "நீ தானே சாபம்னு சொல்லி அனுப்புன" என்றான்.


ஐப்பசி 8

இன்று அளக்க வந்தார்கள்.

வி.ஏ.ஓ. ஒரு சின்ன வயசுப் பெண். மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டே நின்றாள். சர்வேயர் வந்தார், தலையாரி வந்தார். ஊரில் பாதி வந்து கரையில் நின்றது. கோமதி என் பின்னால் நின்றான். பிரமு கையில் துணி சுற்றி, குத்தாலத்துக்குப் பின்னால் நின்றாள்.

வி.ஏ.ஓ. முதலிலேயே சொல்லிவிட்டாள். "லாரி எதுன்னு போலீசு பாத்துக்கும். ஆனா மண்ணு யாருதோ அவங்கதான் இதுக்குப் பொறுப்பு. கேஸு அவங்க மேல. தோண்டி எடுத்துச் சுத்தம் பண்றதும் அவங்கதான். கல்லுப்படி பாத்தா இது குத்தாலம் அவங்க நிலம்."

குத்தாலம் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்தான்.

"கல்லு தப்பும்மா" என்றான்.

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள்.

"இந்தக் கல்லை எங்கப்பா பிடுங்கி நட்டது. பழைய கல்லு இருந்த எடம் அந்தா அங்க, கிழக்க. மதினி சொன்னது பூரா நெசம். பள்ளம் அவுகளுது. அவுக நாப்பது வருசமாச் சொல்லுதாவ, ஊரே சாட்சி. கேளுங்க."

என் காதால் கேட்டேன். இதைக் கேட்பதற்காக எத்தனை வாசல் ஏறியிருப்பேன். அவன் அப்பா சாகக் கிடந்தபோது ஆள் விட்டுக் கேட்டேன், ஒரு வார்த்தை ஒத்துக்கொள்ளச் சொல்லி. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாராம். இப்போது மகன் வெயிலில் நின்று, ஊர் முன்னால் சத்தமாகச் சொல்கிறான். நிலத்தில் நாற்றம் வந்த பிறகு சொல்கிறான்.

"இவ்வளவு நாள் ஏன்வே வாயத் தொறக்கல?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள்.

"அப்பன் பேரைக் கெடுக்கக் கூடாதுன்னுதான்" என்றான். ஒருவரும் சிரிக்கவில்லை.

வி.ஏ.ஓ. என் பக்கம் திரும்பினாள். "பாட்டிம்மா, நீங்க என்ன சொல்றீங்க? உங்க நிலம்னு சொன்னா உங்க மேலதான் எழுதணும்."

கோமதி என் காதுக்குப் பக்கத்தில் வந்தான். மூச்சுச் சுட்டது. "எம்மா, தெரியாமச் சொல்லிட்டேன்னு சொல்லு. வயசாயிட்டு, மறந்துட்டுன்னு சொல்லு. ஒரு வார்த்தை. உன் பிள்ளைம்மா நான்."

மறந்துவிட்டது என்று நான் சொல்ல வேண்டுமாம். சின்னம்மை எந்தக் கிழமையில் என் சிலேட்டைப் பிடுங்கினாள் என்று எனக்குத் தெரியும். இவன் பிறந்த அன்று மழையா வெயிலா என்று தெரியும். இவன் முதல் தடவை பொய் சொன்னதும் தெரியும், திருவிழாவில் ஊதல் திருடிக்கொண்டு வந்து, கீழே கிடந்து எடுத்தேன் என்றான். அன்றைக்கு அடிக்காமல் விட்டேன்.

பிரமு சுற்றியிருந்த துணியில் மஞ்சளாக ஊறியிருந்தது.

"எங்க நிலந்தான்" என்றேன். "பழைய கல்லு பூவரசுக்கு நேரா இருந்துச்சு. தோண்டினா அடியில செங்கல் கட்டு இருக்கும்."

தலையாரி தோண்டினார். செங்கல் இருந்தது.

பிறகு இடுப்பில் இருந்த கேட்டுச் சாவியை எடுத்து அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தேன். "லாரி எங்க கேட்டு வழியாத்தான் வந்தது. பூட்டை ஒருத்தரும் உடைக்கல. இதுல ரெண்டு சாவி உண்டு. எங்கிட்ட இருக்கது இது." வேறு ஒன்றும் நான் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. எல்லோரும் என் முதுகுக்குப் பின்னால் பார்த்தார்கள்.

திரும்பும்போது பிரமு வழியில் நின்றாள். "தடத்தைப் பெருக்குனது நீங்கதானே? எங்க காட்டுல இருந்து பாத்தேன். மாட்டுக்காகன்னு நெனச்சேன்."

"நான்தான்."

"அப்போ தண்ணின்னு தெரிஞ்சேதான் சொன்னியளா அக்கா?"

"தெரிஞ்சேதான்."

அவள் எனக்கு வழிவிட்டு ஒதுங்கிப் போனாள். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஏன் சொன்னீர்கள் என்று செண்பகம் கேட்டாள். குத்தாலமே ஒத்துக்கொண்ட பிறகு நான் இல்லை என்றால் நாற்பது வருசம் நான் கத்தியது பொய்யாகிவிடும். அதற்காகத்தான் சொன்னேன். வேறு எதற்காகவும் இல்லை.


ஐப்பசி 9

கோமதியை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனார்கள். செண்பகம் என் பேரப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது, "நீங்க தூத்துன மண்ணு உங்க வீட்டுலயே விழுந்துட்டு, பாத்தியளா" என்றாள்.

பார்த்தேன். அந்த மண்ணுக்குச் சொந்தக்காரி நான்தானே. யோசிக்காமல் தூற்றிய சொல் வழி தவறவில்லை.

ஒரு ஆளுக்குச் சோறு பொங்கத் தெரியவில்லை. மிஞ்சிப் போகிறது.


ஐப்பசி 13

கோமதி ஜாமீனில் வந்தான். வீட்டுக்கு வரவில்லை. நேரே பெண்டாட்டி ஊருக்குப் போய்விட்டான் என்று கேன்காரப் பையன் சொன்னான். கேன் இனி வேண்டாம் என்று அவனை அனுப்பிவிட்டேன். பஞ்சாயத்துத் தண்ணி லாரி ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருகிறது. வரிசையில் பிரமு எனக்கு முன்னால் நின்றாள். திரும்பவே இல்லை. குடத்தைக் கையில் பிடிக்காமல் முழங்கையில் இடுக்கிக்கொண்டு போனாள்.

கிணற்றை மூடச் சொல்லி நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். பள்ளத்தை நான் சுத்தம் செய்ய வேண்டுமாம். மேலே கிடந்த பைகளை அவர்களே ஆள் விட்டு அள்ளிவிட்டார்கள். ஊறி இறங்கியதை யார் அள்ளுவது என்று கேட்டேன். அது அப்படியேதான் கிடக்கும் பாட்டி என்று அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். எத்தனை வருசத்துக்கு என்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை.


ஐப்பசி 19

புதுக் கல் நட வந்தார்கள், பழைய கல் இருந்த இடத்திலேயே நடுவதாக இருந்தது. சர்வேயர் மட்டம் பார்த்துக்கொண்டிருந்தபோது குத்தாலம் வந்தான்.

"சார், இன்னும் நாலு முழம் எங்க பக்கமாத் தள்ளி நட்டிருங்க."

சர்வேயர் நிமிர்ந்து பார்த்தார். "உங்க பக்கமா? நிலம் அவங்களுக்குப் போயிருமே."

"போகட்டும். கசிவு அது வரைக்கும் வந்துட்டு. நாளைக்கு அதுக்கும் எம்மேல கேஸு வரும். எழுதிக் குடுத்துருதேன். மதினி, வேண்டாம்னு சொல்லிராதிய."

நாலு முழம். இவன் அப்பாவிடம் அதற்குப் பாதியைக் கேட்டிருந்தால்கூட வெட்டுக்குத்து நடந்திருக்கும். இப்போது கெஞ்சிக் கொடுக்கிறான். அது அவன் கையில் இருந்தால் என்ன செய்வான் என்றும் எனக்குத் தெரியும். ஒரு வருசம் பொறுத்து மேலே செம்மண் பரப்பி, பிளாட் போட்டு, வெளியூர்க்காரன் எவனுக்காவது விற்றுவிடுவான். அதில் ஒருத்தி கிணறு தோண்டுவாள், பிள்ளைக்குக் கஞ்சி காய்ச்சுவாள்.

"கொண்டா" என்றேன்.

கல்லை அவன் சொன்ன இடத்தில் நட்டார்கள். அவன் கும்பிட்டுவிட்டுப் போனான், நல்ல காரியம் முடிந்த மாதிரி.

பிரமு அவர்கள் வரப்பில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். நான் கூப்பிடவில்லை. என்னிடம் இனிப் பேச மாட்டாள். அவள் மன்னிக்கவும் வேண்டாம், மறக்கவும் வேண்டாம். அவளாவது நினைவில் வைத்திருக்கட்டும். நான் போன பிறகு இந்த இடத்தில் என்ன கிடக்கிறது என்று சொல்ல ஒருத்தி வேண்டும்.

பள்ளத்தைச் சுற்றி உடைமுள் வெட்டிப் போட்டு அடைத்துக்கொண்டிருக்கிறேன். பாதி முடிந்தது. மீதியை நாளைக்குப் பார்க்க வேண்டும்.